பெருமாளுக்குப் பின்னால் ஒரு வெடிப்பு

ஃபேரர் பார்க், சிங்கப்பூர்
14 மார்ச் 1961

செரம்பானில் மனைவி மக்களோடும் ஏராளமான அபிப்பிராயங்களோடும் வாழ்ந்துவரும் தம்பி வேலாயுதத்துக்கு அக்கா அபயாம்பாள் எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம், வீடு நலமில்லை. அங்கே நீ நலமாக இருப்பாய் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. உன் யோசனைப்படி நடந்து அவதிப்படுகிறவர்கள் எப்போதும் வேறு ஊரில்தான் இருக்கிறார்கள். சரஸ்வதிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பரிசோதிக்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறாய். அவர்கள் சொன்னது கொஞ்சம். வீடு சொன்னதுதான் அதிகம்.

உனக்கு மறதி உண்டு. உன் கைப்பட எழுதிய விஷயங்களில் அது கூடுதலாக உண்டு. ஆகையால் முதலில் நம் நிலவரத்தை நினைவூட்டுகிறேன். அப்பா இந்த வீட்டை நம் இருவருக்கும் சரிபாதியாக வைத்துவிட்டுப் போனார். வீடு விற்றால், என் பாதியைக் கொண்டு நானும் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பாக்கியலட்சுமியும் சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல் இரண்டு அறைகள் எடுத்துக்கொள்வதாக இருந்தோம். தனிப் படிக்கட்டு, தனிக் கதவு, அந்தக் கதவுக்கு ஒரு சாவி, அந்தச் சாவி என் கையில். இந்த வயதில் எனக்கு வேறு மோட்சம் எதிலும் நாட்டமில்லை. சித்திரை பிறப்பதற்குள் விற்காவிட்டால் உனக்குத் தெரிந்த ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிடுவதாகவும், நான் செரம்பானுக்கு வந்து உன் சமையலறைக்கு அடுத்த அறையில் இருந்துகொள்ளலாம் என்றும் நீ எழுதினாய். “பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியும் இருக்கும், அக்காவுக்குப் பொழுதுபோன மாதிரியும் இருக்கும்.” என் எஞ்சிய ஆயுளை இரண்டு ‘மாதிரியும்’களில் அடக்கிவிட்ட உன் மொழித்திறனை நான் பாராட்டாமல் இருக்க முடியாது.

வாங்க நினைத்த மருதப்பன் லாரி வைத்துப் பிழைப்பவர். சரக்கை ஏற்றுமுன் தட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். பத்திரம் எழுதுமுன் ஒரு பரிசோதகரை அழைத்து வருவதாக அவர் சொன்னவுடன் நான் உனக்கு எழுதினேன்: கூடத்துச் சுவரில் வெடிப்பு இருக்கிறது, பின்கட்டில் ஓதம் இருக்கிறது, நாமே முன்கூட்டிச் சொல்லி விலையில் விட்டுக்கொடுத்துவிடுவோம் என்று. அது முப்பது வருடம் வடிவியல் கற்பித்த ஒருத்தியின் யோசனை. ஆதலால் நிராகரிக்கப்பட்டது. “அக்கா, நம்மாளுங்க வீடு பார்க்க வந்தா சுவரைப் பார்க்கமாட்டானுங்க. சுவத்துல இருக்கிற சாமியைத்தான் பார்ப்பானுங்க. எங்கெங்கே வெடிச்சிருக்கோ அங்கெல்லாம் ஒரு படத்தை மாட்டு. நெய்னாகிட்டச் சொல்லிட்டேன்” என்று நீ பதில் எழுதினாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பூசணிக்காயின் மேல் சாமியை உட்காரவைத்து மறைக்கிற முறையைக் கண்டறிந்தவன் நம் குடும்பத்தில் பிறந்திருக்கிறான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நான் கல்யாணங்களுக்கு மட்டுமே கோயிலுக்குப் போகிறவள் என்பதை ஊரறியும். வீட்டில் இருந்த ஒரே படம் அப்பாவுடையது. அதற்கும் நான் கற்பூரம் காட்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு நெய்னா முகம்மது, நம் தரகர், கையை வீசிக்கொண்டு வந்து, வெடிப்புகளைச் சாண் போட்டு அளந்தார்.

“டீச்சரம்மா, ரூம்புல இருக்கிறது நெட்டுக்குப் போவுது. வேல் பிடிச்சு நிக்கிற முருகன் அம்சமா இருப்பாரு.”

“கூடத்தில் இருப்பது குறுக்கே போகிறதே?” என்றேன்.

“அதுக்கு நிக்கிற சாமி ஆவாதும்மா. படுத்த சாமிதான். பெருமாள். பாம்போட சேர்த்து நல்ல நீளம் வரும். கடையில பார்த்து வெச்சிட்டேன்.”

“பின்கட்டு ஓதம் வட்டமாக இருக்கிறது.”

“நடராஜர் லா! சுத்தி நெருப்பு வட்டம் போட்டிருக்கும். ஒட்டினாப்புல உக்காந்துக்கும்.”

“சமையலறைக் கதவுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் ஒன்று இருக்கிறது.”

அவர் குனிந்து பார்த்துச் சிறிது நேரம் தாடியைத் தடவினார். “பிள்ளையாரைப் போட்டுருவோம். அவரு எங்க வெச்சாலும் கோவிச்சுக்கமாட்டாரு.”

மறுநாள் ஒரு ட்ரைஷா வண்டி நிறையத் தெய்வங்கள் வந்து இறங்கின. ஐந்து வேளை தொழுகிற மனிதர் ஒருவர், வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, என்னைப் போன்ற ஒருத்தியின் வீட்டில் ஒவ்வொரு சாமியாக ஏற்றி மாட்டிய காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். மத ஒற்றுமை குறித்து மேடைகளில் பேசுகிறவர்களுக்கு ஒரு வெடித்த சுவரைக் கொடுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளம் வந்தபோது விழுந்த கறை வீடு முழுவதும் முழங்கால் உயரத்துக்கு ஓடுகிறது அல்லவா, அதற்கு ஈடு கொடுக்கக்கூடிய தெய்வம் கடையில் இல்லாமையால் அந்த உயரம் வரை பச்சைச் சாயம் பூசினார்கள். வீடு, பச்சைத் தண்ணீரில் இறங்கி நிற்கிற தோற்றத்தை அடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவர்கள் நால்வர். மருதப்பன்; பேசாத பெண்ணான அவர் மனைவி பூவம்மா; அந்தக் குறையை நிறைவு செய்கிற மருதப்பனின் தாயார்; பரிசோதகர் மிஸ்டர் குலசிங்கம். இவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிறிஸ்தவர், வெள்ளைக் காற்சட்டையின் மடிப்புக் கலையாதவர். ஒரு சிறு பையிலிருந்து தூக்குக் குண்டு, ரசமட்டம், சின்னச் சுத்தியல் எல்லாவற்றையும் எடுத்து, அறுவைச் சிகிச்சைக்கு முன்பு வைப்பதுபோல் என் மேசையில் வரிசையாக வைத்தார். கடைசியில் ஒரு கோலிக்குண்டு எடுத்தார். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். அதைக் கூடத்தின் நடுவில் வைத்துக் கையை எடுத்தார். குண்டு ஒருகணம் நின்று, இப்படியும் அப்படியும் யோசித்து, பின்பு தானாகவே புறப்பட்டது. கூடத்தைக் கடந்தது, மரப்படியில் குதித்து இறங்கியது, நடையைக் கடந்தது, சமையலறைக்குள் திரும்பியது. நாங்கள் ஐவரும், சுவாமி புறப்பாட்டின் பின்னால் போகிறவர்களைப்போல், அதன் பின்னால் போனோம். அது அடுப்படி மூலையில் இருந்த எலி வளைக்குள் இறங்கி மறைந்தது.

“தளம் கொஞ்சம் சரிஞ்சிருக்குது போல” என்றார் குலசிங்கம்.

“கழுவித் தள்ள வசதி” என்றேன். என் கல்விக்கு இது ஓர் இழுக்கு. ஆனால் துணிக்கடை மாடியின் சாவி என் கண்முன் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் பச்சைச் சாயத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “இந்தப் பக்கத்தில முழங்கால் மட்டும் புதுச்சாயம் பூசின வீடு கனக்க இருக்குது, மிஸ். எல்லாருக்கும் ஒரே நிறத்தில ஆசை வருகுது.” பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு கூடத்துச் சுவருக்கு வந்தார். அங்கே பெருமாள் பாம்பின்மேல் சயனித்திருந்தார். “இந்தப் படத்தை ஒருக்காக் கழட்டலாமோ? சுவர் என்ன சொல்லுதெண்டு கேக்க வேணும்.”

நான் வாயைத் திறக்குமுன் அதுவரை பேசாத பூவம்மா பேசினாள். “ஐயையோ, சுத்தியல எடுத்துக்கிட்டு சாமி தலைமாட்டுக்கா போறீங்க? மொதல்ல கைய எடுங்க சார்!”

“அம்மா, நான் படத்தைத் தட்டேல்ல. சுவரைத்தான்...”

“சுவத்தைத் தட்டினா சாமிக்குக் கேக்காதா?”

இதற்கு எந்த நூலிலும் விடை இல்லாதபடியால் அவர் பின்வாங்கினார். அறைக்குப் போனார், முருகன் நின்றார். பின்கட்டுக்குப் போனார், நடராஜர் ஆடினார். கதவுக்குப் பின்னால் குனிந்தார், பிள்ளையார். ஒவ்வோர் இடத்திலும் பூவம்மா அவருக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “என்ன மிஸ், இவ்வளவு தாழ ஒருத்தர் இருக்கிறாரே?” என்று குலசிங்கம் தரையோடு தரையாகக் கேட்டார். “எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கும் எட்ட வேண்டும் என்று” என்றேன். எங்கள் வீட்டில் குழந்தைகள் இருந்த காலம் நீ அரைஞாண் கட்டியிருந்த காலம். அவர் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். உன் உபாயம் பலிக்கிறது என்பதை அந்த நிமிடத்தில் நான் ஒப்புக்கொண்டேன், தம்பி. இதை நீ சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

அப்போதுதான் தாயார் என் அறைக்குள் நுழைந்து, என் கட்டிலில் உட்கார்ந்து, என் தலையணையை அமுக்கிப் பார்த்தார். “டேய் மருதப்பா, இந்த ரூம்பு நமக்கு ஆவும். இங்கேருந்தே சமையக்கட்டு தெரியுது பாரு. யாரு எவ்வளவு எண்ணெய் ஊத்துறா, யாரு எத்தனை மணிக்கு எந்திரிக்கிறா, எல்லாம் படுத்துக்கிட்டே பார்த்துக்கலாம்.”

“சரி ஆத்தா” என்றார் மருதப்பன், லாரிகளுக்கு உத்தரவு போடும் அதே வாயால்.

பூவம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கணவரிடம் திரும்பி, இத்தனை சாமி இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தது பாவம், ஒரு தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். தாயாரும் ஆமோதித்தார், மாமியாரும் மருமகளும் அன்று ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். மருதப்பனே கடைக்குப் போய் வாங்கிவந்தார். எல்லாப் படத்துக்கும் கற்பூரம் காட்டியானது. வீட்டில் புகை மண்டியது. குலசிங்கம் வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, புகைக்குள்ளிருந்து ஓர் ஆங்கிலேயக் கப்பல்போலத் தெரிந்தும் மறைந்தும் கொண்டிருந்தார். கடைசியாகக் கூடத்துக்கு வந்து, பெருமாளின் கால்மாட்டில், நடைக்கும் கூடத்துக்கும் இடையில் உள்ள மரப்படியில் பூவம்மா தேங்காயை ஓங்கி அடித்தாள்.

தேங்காய் உடையவில்லை. படி உடைந்தது.

உடைந்தது என்பதுகூடச் சரியான சொல் அல்ல. வழிவிட்டது. மேலே சாயம், உள்ளே கரையான், வேறொன்றும் இல்லை. தேங்காய் அதற்குள் முழுசாக இறங்கி, புற்றுக்குள் வைத்த முட்டைபோல உட்கார்ந்துகொண்டது. அந்த அதிர்ச்சியில் நிலை நடுங்கியது, நிலையோடு சுவர் நடுங்கியது, நெய்னா அடித்த ஆணி, தன் கடமை முடிந்தது என்பதுபோல, மெல்ல வெளியே வந்தது. பெருமாள் ஒருபக்கமாகச் சரிந்தார். பாம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சரிந்தார். பிறகு கண்ணாடி, சட்டம், சுண்ணாம்புக் காரை சமேதராகத் தரைக்கு எழுந்தருளினார். காரை விழுந்த இடத்தில் வெடிப்பு, வெடிப்புக்குள் வெளிச்சம், வெளிச்சத்துக்கு நடுவில் அடுத்த வீட்டு ஹனீபாவின் ஒரு கண்.

“டீச்சர்,” என்றது கண், “என்னா சத்தம்? நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன், மொத்த சுண்ணாம்பும் கோப்பையில விழுந்துருச்சு.”

ஹனீபா இந்தப் பக்கம் கொஞ்சநேரம் நோட்டம் விட்டு, “விருந்தாளிங்களா? சரி சரி, பேசுங்க” என்று மரியாதையாக ஒரு துண்டைத் தன் பக்கத்தில் தொங்கவிட்டார்.

குலசிங்கம் கைக்குட்டையை மடித்தார். அவர் முகத்தில் தெரிந்த அமைதியை நான் வேறெந்தக் கிறிஸ்தவர் முகத்திலும் கண்டதில்லை. “என்ர சுத்தியல் இவ்வளவு தூரம் போயிராது” என்று மட்டும் சொல்லி, கருவிகளைப் பையில் போட்டார். கோலிக்குண்டை நான் திருப்பித் தர இயலவில்லை. அது இப்போது எலிகளுக்குச் சொந்தம்.

தாயார் எழுந்தார். உடையாத தேங்காய், விழுந்த பெருமாள், சுவருக்குள் ஒரு கண். ஒரு குடும்பத்தை மூன்று தலைமுறைக்குப் பயமுறுத்த இவற்றில் ஒன்று போதும் என்றார். “இந்த வீட்டுப் படி மிதிச்சா நான் மனுஷியில்ல” என்றும் சொன்னார். மிதிப்பதற்குப் படி இல்லை என்பதை நான் சொல்லவில்லை. மருதப்பன் தாயாரைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினார். பூவம்மா கடைசியாகப் போனாள். குழியிலிருந்து தேங்காயை எடுத்துத் துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

இவ்வளவுதான் பரிசோதனை. நாமே சொல்லியிருந்தால் அது வெடிப்பு. மறைத்ததால் அது மோசடி, அபசகுனம், அண்டை வீட்டாருக்குத் தேநீர் நஷ்டம். உன் யோசனையின் சிறப்பு அது: ஒரு குறையை மூன்றாக்குகிறது. நெய்னா வந்து பார்த்தார். “ஆணி சின்னது வாங்கிட்டேன் டீச்சரம்மா, தப்பு நம்ம மேலதான்” என்று வருந்தினார். தப்பைத் தன்மேல் போட்டுக்கொள்கிற ஒருவரை இந்த விவகாரத்தில் நான் முதன்முறையாகச் சந்தித்தேன். அவர் நம் குடும்பத்தவராக இல்லாமல் போனார்.

ஆகவே நான் செரம்பானுக்கு வருகிறேன். நீ அழைத்தபடியே. பாக்கியலட்சுமியிடம் சொல்லிவிட்டேன்; அவள் துணிக்கடைக்காரரிடம் சொல்லிவிடுவாள்; அந்தச் சாவி வேறு யார் கைக்காவது போகட்டும். என்னை வைத்துக்கொள்வதில் உங்களுக்குச் சிரமம் ஒன்றுமிருக்காது. நான் சமைப்பதில்லை, ஆனால் சமைத்ததைப் பற்றிப் பேசுவேன். சமையலறைக்கு அடுத்த அறை என்பதால் சமைக்கும்போதே பேசவும் வசதி. புத்தகங்கள் ஒரு வேன் நிறைய வரும். சரஸ்வதியின் கண்ணாடி அலமாரியைக் காலி செய்துவிடுங்கள், பொம்மைகளுக்கு இப்போதைக்கு அவ்வளவு உயர்ந்த இடம் தேவையில்லை. பிள்ளைகள் காலையில் எழுந்ததும் ஒரு தேற்றம், இரவு படுக்குமுன் ஒரு தேற்றம். நிரூபிக்காதவர்களுக்கு நடுவில் சாப்பாடு உண்டா என்பதைச் சரஸ்வதியோடு கலந்து முடிவு செய்துகொள்ளலாம். நீ வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆர்மோனியத்தோடு பாடுவதாகக் கேள்வி. என் செவி இன்னும் நன்றாக இருக்கிறது. இது உனக்கு நல்ல செய்தி அல்ல. விழுந்த பெருமாளுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் கொண்டுவருகிறேன். உன் வீட்டில் அவரை எங்கே மாட்டவேண்டியிருக்கும் என்பதைச் சுவர்களை வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

உன் குடும்பம் ஆலாய்த் தழைக்கட்டும். உன் யோசனைகள் அவ்வாறு தழைக்காதிருக்கட்டும். குழந்தைகளுக்கு அத்தையின் ஆசிகளும், ஒரு பெட்டி நிறைய நோட்டுப் புத்தகங்களும். மழைக்காலம் என்பதால் சரஸ்வதியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். அவளுக்கு இனி வலு வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உன் அக்கா
அபயாம்பாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், இப்போது ஆவியில் காட்டிப் பிரித்து எழுதுகிறேன். ஒட்டிய கையோடு வாசலில் ஆள் சத்தம் கேட்டது. பூவம்மா. தனியாக வந்திருந்தாள். படியில்லாத இடத்தைத் தாண்டி உள்ளே வந்து, நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, “டீச்சர், வீட்டை நாங்க எடுத்துக்குறோம்” என்றாள்.

“உன் மாமியார் இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னாரே?”

“ஆமா டீச்சர். அதனாலதான்.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“இதுக்கு முன்னாடி ஏழெட்டு வீடு பார்த்தோம் டீச்சர். எல்லாம் நல்ல கெட்டிச் சுவரு. எல்லாத்துலயும் அத்தை ஒரு ரூம்பு புடிச்சிட்டாங்க. வீடு கெட்டியா இருந்தா எனக்கு என்ன பிரயோசனம்? இப்போ சின்ன மவன் வீட்டுக்குப் போறேன்னு துணியெல்லாம் மூட்டை கட்டிட்டாங்க.”

“உன் புருஷன்?”

“ஆத்தா இல்லாம வருவீங்களான்னு கேட்டேன். ரொம்பக் கவலையா மூஞ்சிய வெச்சுக்கிட்டாரு. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு. தோளு குலுங்குச்சு. அழுவுறாருன்னு நினைச்சேன். சிரிக்கிறாரு டீச்சர்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “தேங்காயை நான் எப்பவும் மெதுவாத்தான் போடுவேன். அன்னிக்குக் கொஞ்சம் ஓங்கிட்டேன்.”

குலசிங்கம் பிறகு அவர்களிடம் சொன்னபடி சுவருக்கு இரும்புப் பட்டை போட்டு, படியையும் தளத்தையும் புதுப்பிக்க ஆகிற செலவை விலையில் கழித்துக்கொள்கிறார்கள். அதை முழுவதும் உன் பாதியில் கழிப்பதே நியாயம் என்று கருதி ஒப்புக்கொண்டுவிட்டேன். யோசனை உன்னுடையது அல்லவா. பத்திரத்துக்கு நீ கையெழுத்திட வேண்டிய தாள்களை வக்கீல் அனுப்புவார். பாக்கியலட்சுமி ஓடிப்போய்த் துணிக்கடைக்காரரை மடக்கிவிட்டாள். சாவி சனிக்கிழமை என் கைக்கு வருகிறது.

ஆகவே நான் செரம்பானுக்கு வரவில்லை. அலமாரியைக் காலி செய்ய வேண்டாம், பிள்ளைகள் தூங்கட்டும், நீ பாடு. இதைச் சரஸ்வதியிடம் சொல்லிவிடு. ஆனால் உடனே சொல்லாதே. மேலே உள்ளதை முதலில் அவளைப் படிக்கச் சொல். அவள் படித்து முடித்து, உன்னை அழைத்து, சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு இந்தப் பகுதியைக் காட்டு.